முனியப்பனுக்கும் கியர் வேணும்

என்னடா இது, பஸ் சீட்டு மேல சைக்கிள் சீட்டைப் போட்டு, அதுமேல ஒரு ஆள் ஒக்காந்திருக்கானேன்னுதானே பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல இருந்து எல்லாரும் அப்படித்தான் பாத்துட்டு வர்றாங்க. கண்டக்டரு, "பெரியவரே, அதை மேல லக்கேஜ்ல போடுங்க"ன்னாரு. போட முடியாதுங்க, நான் இதுமேல ஒக்காந்துதான் வால்பாறை போய்ச் சேரோணும், வேணும்னா இதுக்குத் தனியா ஒரு டிக்கெட் கிழிச்சுக்குங்கன்னுட்டேன். மனுசன் என் மூஞ்சியை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிட்டாரு.

பைத்தியம்னு நெனச்சுக்காதீங்க. நான் தேங்காய் நார் மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். பேரு சென்னியப்பன். தலை மேல இடிக்குதுதான், இல்லேங்கல. வளைவுல வழுக்குதுதான், அதுவும் இல்லேங்கல. இன்னும் மலையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ரெண்டு தடவை உங்க மேல சாஞ்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்களும் வால்பாறைதானே? நல்லதாப் போச்சு. வெவரம் சொல்லிட்டா உங்களுக்கே நாயம் புரிஞ்சு போகும்.

எங்கூட்டுக்காரி மேல வால்பாறையில இருக்கறா. சாந்தாமணின்னு பேரு. அவ தங்கச்சி ருக்மணி, எனக்குக் கொழுந்தியா, எஸ்டேட்டு லைன் வூட்டுல குடியிருக்கறா. தீவாளிக்கு முன்னாடி அங்க போனவ, இப்ப மாசி பொறந்துருச்சு, எறங்கி வரல. போறப்ப வாசப்படியில நின்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "உங்களுக்கு அந்தச் சைக்கிள்தானே பெருசு? அதுமேலயே ஏறி ஒக்காந்து வந்து கூப்புடுங்க, வாறேன்"னா.

சரின்னுட்டேன். சொன்னாச் சொன்னதுதானுங்களே? பஸ்ஸு மணிக்கொண்ணு போகுதே, மறுநாளே போயிக் கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. பஸ்ல வான்னு அவ சொல்லலீங்களே! சைக்கிள்லதானே வரச் சொன்னா? பொண்டாட்டி வார்த்தைக்கு மரியாதை குடுக்கறவன் நானு. ஊருக்குள்ள எத்தனை பேரு அப்படி இருக்கறான் சொல்லுங்க பாக்கலாம்.

ஆனா நாப்பது கொண்டை ஊசி வளைவு. சாதா சைக்கிள்ல ஏற முடியுங்களா? கியர் வேணும். கியர் என்கிட்ட இருந்துச்சு. அங்கதான் கதையே இருக்குது.

அந்தச் சைக்கிளு ஒரு வெள்ளைக்காரன்கிட்ட இருந்து வந்ததுங்க. எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. அவங்க நாட்டுல இருந்து சைக்கிள்லயே ஒலகம் சுத்திக்கிட்டு வந்த மனுசன், பொள்ளாச்சிச் சந்தைக்கிட்ட தலையில கையை வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. சம்சாரம் கூடவே இன்னொரு சைக்கிள்ல வந்துச்சாம், வழியில கோவிச்சுக்கிட்டு எங்கியோ போயிருச்சாம். என்னத்துக்குன்னு கேட்டேன். செயினுக்கு எண்ணெய் போடறதுல சண்டையாம்! இதுக்கெல்லாமா புருசன் பொண்டாட்டி பிரிவாங்க? அவங்களுக்கு ஒரு வெவஸ்தையே கெடையாதுங்க. அந்த மனுசனை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டு ரயிலேத்தி உட்டேன். போறப்ப சைக்கிளை என்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாரு. அதைப் பாத்தாலே அந்தம்மா ஞாபகம் வருதாம். நல்ல சைக்கிளுங்க, பச்சைக் கலரு. அன்னையில இருந்து எங்கூட்டு ஹால்லதான் அது நிக்கும். ஒறம்பரை, விருந்தாளி வந்தா அவங்க வாசல்ல ஒக்காந்துக்குவாங்க.

அதுல பின்சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு கை தொங்கும். கொக்கு கழுத்தை நீட்டின மாதிரி. அதுதான் செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளி உடறது. கியர்க்கைன்னு நான் சொல்லுவேன். கடைக்காரங்க ஆளுக்கொரு பேரு சொல்லுவாங்க. போன வருசம் அதுக்குள்ள இருந்த ஸ்பிரிங்கு தளந்து போச்சு. செயின் தொளதொளன்னு ஆடுது. பொள்ளாச்சி பூரா தேடினேன், அந்த அளவுல ஒரு ஸ்பிரிங்கு இல்ல. எனக்கு ராத்திரி பகல் அதே வெசனம்.

அப்பத்தானுங்க சாந்தாமணியோட தையல் மெஷினைப் பாத்தேன். அது அவ அம்மா வூட்டுச் சீதனம். தெக்கறப்ப துணியை அமுத்திப் புடிக்க ஊசிகிட்ட ஒரு கால் இருக்குமில்லீங்களா? அந்தக் காலுக்கு மேல ஒரு ஸ்பிரிங்கு. சுண்டுவெரல் நீளம். பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது அதுதான்னு. அளந்து பாத்தா, மயிரிழை பெசகல. அவ கோயிலுக்குப் போயிருந்தா. கழட்டிக் கியர்க்கையில மாட்டிட்டேன். என்ன ஓட்டம்ங்கறீங்க! செயினு சும்மா தறி மாதிரி ஓடுது.

ஒரு ஸ்பிரிங்குதானுங்க. மெஷின் ஓடத்தான் செஞ்சுது, சக்கரம் சுத்துச்சு, ஊசி ஏறி எறங்குச்சு. துணி மட்டும் அங்கயும் இங்கயும் நழுவுச்சு. தீவாளி நேரம், ஊர்ல இருக்கற பொம்பளைங்க ஜாக்கெட்டெல்லாம் எங்கூட்டுலதான் கெடக்குது. அவ ஊசியை மாத்தறா, நூலை மாத்தறா, மெஷினுக்குத் திருஷ்டி கழிச்சு எலுமிச்சம்பழம் கட்டறா. நானும் கூட நின்னு, "எண்ணெய் போட்டுப் பாரு அம்மிணி"ன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒத்தாசையா இல்லாம இருந்தேன்னு யாரும் சொல்ல முடியாது. ஒரு நா நான் சைக்கிளைத் தலைகீழாக் கவுத்துத் தொடைச்சுக்கிட்டு இருக்கறப்ப அவ காப்பி கொண்டாந்தா. ஸ்பிரிங்கு கண்ணுல பட்டுருச்சு. டம்ளரை அப்படியே கீழ வெச்சா.

"கடையில வேற ஒண்ணு வாங்கி உன் மெஷினுக்கு மாட்டிக்கலாம், தையல் மெஷினு ஸ்பிரிங்கு தெருவுக்குத் தெரு கெடைக்குது"ன்னு நல்லவிதமாத்தான் சொன்னேன். அதுக்கு அவ, "வேற ஒண்ணு வேண்டாம். கழட்டின கைதான் மாட்டோணும்"னா. நான், "அதை எடுத்தா சைக்கிள் ஓடாதே"ன்னேன். நாயமான பேச்சுத்தானே? மறுநா வெடியால மெஷின் தலையைப் பழைய சீலையில சுத்தித் தூக்கிக்கிட்டு வால்பாறை பஸ் ஏறிட்டா. சைக்கிள் மேல ஏறி வந்து கூப்புடுங்கன்னு அந்த வார்த்தையைச் சொன்னது அப்பத்தான்.

அந்த வாரமே நான் கெளம்பிட்டேன். சோத்து மூட்டை கட்டிக்கிட்டு, நெத்தி வேர்வைக்குத் துண்டு கட்டிக்கிட்டு. ஆழியாறு தாண்டி மொத வளைவுல கியரை மாத்தினேன் பாருங்க, டப்புன்னு ஒரு சத்தம். தையல் மெஷினு ஸ்பிரிங்கு ரொம்ப வலுவு போலிருக்குது. கியர்க்கையே ரெண்டாப் பொளந்து போச்சு. ஸ்பிரிங்குக்கு ஒண்ணும் ஆகல. சீதனப் பொருளு பாருங்க, சாந்தாமணி மாதிரியே. அங்கிருந்து சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தேன். கொரங்குங்க கூட வேலியில ஒக்காந்து வேடிக்கை பாத்துச்சு.

அப்பறம் தேட ஆரம்பிச்சேன் ஒரு கியர்க்கையை. அப்பாஸ் பாய் கடைக்குப் போனேன். அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கியரையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஒத்தைப் பல்சக்கரமா மாத்திக்குங்க அண்ணா, ஏத்தம் வந்தா எறங்கித் தள்ளுங்க"ன்னாரு. எறங்கித் தள்ளறதுக்கு எதுக்குங்க சைக்கிளு? அவ ஏறி ஒக்காந்து வரச் சொல்லியிருக்கறா. தள்ளிக்கிட்டு வரச் சொல்லலை. கோயமுத்தூர்ல பெரிய கடை, கண்ணாடி போட்டது, உள்ள குளுகுளுன்னு இருக்குது. அங்க ஒரு பையன் புதுசா ஒண்ணு காட்டினான். மாட்டிப் பாத்தா நம்ம சைக்கிளுக்கு அது பெரியாளுக்குக் கொழந்தை கைய ஒட்டின மாதிரி இருக்குது. "இந்த மாடலு எங்க தாத்தா பொறந்தப்ப வந்தது சார், புது சைக்கிளு வாங்கிக்குங்க"ங்கறான். புது சைக்கிள்ல வான்னு சொன்னாளா? அந்தச் சைக்கிள்னுதானே சொன்னா?

அங்கயே கணபதிங்கற எடத்துல லேத்துப் பட்டறை வெச்சிருக்கற தேவசகாயம்னு ஒருத்தரு. கோயமுத்தூர்க்காரங்க செய்ய முடியாததுன்னு ஒண்ணு ஒலகத்துல உண்டுங்களா? ஒடைஞ்சதைப் பாத்துட்டு, "அடுத்த வாரம் வாங்க"ன்னாரு. போனா, தங்கம் மாதிரி மினுங்குது. பித்தளை! கையில வாங்கினேன், கை கீழ போயிருச்சு. அம்மிக்கொழவி கனம். "நாங்க கெணத்து மோட்டாருக்குப் பண்ணறவிய, நம்ம சரக்கு பேரன் காலத்துக்கும் நிக்கும்"னு பெருமையாச் சொல்றாரு. மாட்டினா சைக்கிளு ஒரு பக்கமாச் சாஞ்சு படுத்துக்குது. "வேணும்னா அந்தப் பக்கமும் ஒண்ணு பண்ணி சமன் பண்ணிக்கலாம்"ங்கறாரு மனுசன்.

நான் தலையைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டேன். அப்பத்தான் அவரு சும்மா சொன்னாரு. "இதே மாதிரி வெளிநாட்டு மரை போட்ட பெடல் ஒண்ணு வேணும்னு கொஞ்ச நாளுக்கு முன்னாடி ஒரு பூசாரி வந்தாருங்க. சாமி சைக்கிளுக்கு வேணும்னாரு. பித்தளையில பண்ணித் தாறேன்னேன், சாமி கனமாயிரும்னு வேண்டாம்னுட்டாரு."

நான் சட்டுன்னு எந்திரிச்சுட்டேன். இதே மரையா? வெள்ளைக்காரம்மா சைக்கிளேதான், வேற எது? விசாரிச்சா, ஆனமலைக்கு அந்தப்பக்கம் கருக்கம்பதின்னு ஒரு ஊரு. ஊர் எல்லையில முனியப்பன். அந்தம்மா புருசன்கூட சண்டை போட்டுக்கிட்டு, சைக்கிளைக் கோயில் வேப்பமரத்துல சாத்தி வெச்சுட்டு எதுத்தாப்புல வந்த பஸ்ல ஏறிப் போயிருச்சாம். மறுநா பாத்த சனங்க, சாமிக்கு வாகனம் வந்துருச்சுன்னு பொட்டு வெச்சு மாலை போட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி அங்க மண்ணுக் குதிரைதான் இருந்துச்சாம். இப்ப முனியப்பன் சைக்கிள்லதான் காவல் சுத்தறாராம். அதுவுமில்லாம அது வெளிநாட்டுல இருந்து வந்த வாகனம்ங்கறதால, வெளிநாட்டு வேலைக்குப் போகோணும்னு வேண்டிக்கறவிய டயரு, டியூப்பு, காத்தடிக்கற பம்புன்னு காணிக்கை கட்டறாங்க. மரம் பூரா டியூப்பு தொங்குது. எங்க மில்லு வாட்ச்மேன் மவன் கூட ஒரு ஜோடி பிரேக்குக் கட்டை கட்டிட்டுத்தான் மஸ்கட் போனானாம்.

நான் சாமி கும்புடற ஆளு கெடையாதுங்க, இப்பவே சொல்லிடறேன். வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கோயில் படி மிதிச்சவனில்ல. சாமியாவது பூதமாவதுன்னு மேடையேறிப் பேசினவன். ஆனா கியர்க்கை அவருகிட்ட இருக்குது. எதிராளின்னு வந்துட்டா மரியாதை குடுத்துத்தான் பேசோணும்.

போய்ப் பாத்தேன். அடடா! அதே பச்சை. பின்னாடி கியர்க்கை, ஒரு கீறலில்லாம, மஞ்சத் தடவி, குங்குமம் வெச்சு. அதைப் பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பக்கத்துல இருந்த பொம்பளை, "மொத தடவை வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், சாமி அப்படி"ன்னா.

பூசாரி யாருன்னு பாத்தா, வெள்ளிங்கிரி! சாந்தாமணிக்குப் பெரியப்பன் மவன், எனக்கு மச்சினன் மொறை. தேங்காய் வேவாரம் பாக்கறவன். பூசாரித்தனம் அவனுக்கு வந்து சேந்ததே எனக்குத் தெரியாது. சொந்தக்காரன்தானே, காரியம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். "வெள்ளிங்கிரி, அந்தக் கியர்க்கையைக் கழட்டிக் குடுத்துரு. உங்கக்காளைக் கூட்டிட்டு வரத்தான்"னேன். அவன், "எங்க கையில என்ன மாமா இருக்குது, சாமிகிட்ட உத்தரவு கேக்கோணும்"னான்.

ஊர்க்கூட்டம் கூடுச்சு. நான் நாயமாப் பேசினேன். உங்க சாமி காவல் சுத்தறது எல்லைக்குள்ள. எல்லையெல்லாம் தென்னந்தோப்பு, சமதரை. அவருக்குக் கியரே தேவையில்ல. எனக்கு மலை ஏறோணும். கியர்க்கைக்குப் பதிலா நான் புதுசா லைட்டு, டைனமா எல்லாம் போட்டுத் தாறேன்னேன். ஒரு பெருசு எந்திரிச்சு, "மேக்கால கரட்டு மேடு இருக்குதே, அதை உங்கப்பனா ஏறுவான்?"னுது. இன்னொருத்தன், "சாமி நெனச்சா எதையும் ஏறிரும், கியரு எதுக்கு, குடுத்தரலாம்"னான். உடனே அக்கட்ட இருந்தவன், "நெனச்சா ஏறிரும்னா சைக்கிளே எதுக்கு?"ன்னான். "அப்ப சாமிக்குச் சைக்கிளே வேண்டாங்கறியா நீ?"ன்னு இவன் துண்டை ஒதறிக்கிட்டு எந்திரிச்சான். அவ்வளவுதான். சாமி மிதிக்குதா, மிதிக்காமயே சைக்கிள் போகுதான்னு பொழுது சாயற வரைக்கும் சண்டை. நான் ஒருத்தன் இருக்கறதையே மறந்துட்டாங்க. பாகப் பிரிவினையில கூடப் பேச்சு வார்த்தை கெடாத அண்ணன் தம்பி ரெண்டு பேரு அன்னைக்கு இருந்து பேசிக்கறதில்லைன்னு கேள்வி.

கடைசியில பூப்போட்டுக் கேக்கறதுன்னு முடிவாச்சு. தெரியுமில்லீங்களா? செவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். சாமி முன்னாடி குலுக்கிப் போட்டு ஒண்ணை எடுக்கறது. வெள்ளை வந்தா உத்தரவு. போட்டாங்க. செவப்பு. அடுத்த வெள்ளிக்கெழமை போனேன். செவப்பு. பொங்கல் கழிச்சுப் போனேன். செவப்பு. ரெண்டு பொட்டலத்துலயுமே செவப்புத்தான் இருக்குதோன்னு ஒரு நிமிசம் ரோசனை வந்துச்சு. உடனே அழிச்சுட்டேன். யாரை வேணும்னாலும் சந்தேகப்படலாமுங்க, மச்சினனைச் சந்தேகப்படக் கூடாது. அதுவும் பூவை மடிச்சவன் அவன். மடிச்சவனுக்குத் தெரியாதா உள்ள என்ன இருக்குதுன்னு?

வூட்டுக்கு வந்தா வூடு பொக்குன்னு கெடக்குதுங்க. நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அந்தத் தையல் மெஷினு சத்தம் இருக்குதே, கடகடகடன்னு, அதை நான் முப்பது வருசமாத் திட்டிக்கிட்டு இருந்தவன். டிவி கேக்கல, நிறுத்துன்னு கத்துவேன். இப்ப டிவி நல்லாக் கேக்குது. பாக்கத்தான் பிடிக்கல. மத்தியானம் ஒக்காந்த வாக்குல தூங்குவேன், சத்தம் நின்னு போனாப்புல முழிப்பு வரும். சத்தமே இல்லாதப்ப எப்படிங்க அது நிக்கும்? எனக்கு அவ இல்லாம இருக்க முடியலீங்க. சொல்றதுக்கு என்ன வெக்கம்? வயசாச்சு.

அதனாலதான் போன அமாவாசைக்கு உச்சிப் பூசையில நேர்லயே கேட்டரலாம்னு போனேன். அன்னைக்கு வெள்ளிங்கிரி மேல சாமி வரும். உடுக்கை அடிக்கறாங்க. அவன் ஒரு குதி குதிச்சான் பாருங்க, தேங்காய் வேவாரியே இல்ல, வேற ஆளு. சைக்கிளு ஹேண்டில்பாரைப் புடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துக் கண்ணை உருட்டுச்சு சாமி.

"வாடா சென்னியப்பா. கழட்டவா வந்தே?"

"இல்லீங்க சாமி. கேட்டு வாங்கத்தான்."

"கேக்காமக் கழட்டினதே இல்லியா நீ?"

நான் கூட்டத்தைப் பாத்தேன். எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. "என்னத்தைங்க சாமி?"ன்னேன்.

"அமுத்திப் புடிக்கறதை உருவிட்டுப் போனியேடா! கூட நின்னுக்கிட்டு எண்ணெய் போடச் சொன்னியேடா! அவ கட்டைவெரல்லயே துணியை அமுத்திப் புடிச்சுத் தெச்சு, வெரலு வீங்கிக் கெடக்குதேடா!"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சுங்க. இது எப்படிங்க தெரியும்? வெள்ளிங்கிரிக்குத் தெரிய வழியே கெடையாது. சாந்தாமணி அவன்கூட வாராவாரம் போன்ல பேசுவாதான், ஆனா அது சும்மா சொகம் விசாரிக்கறது. ஸ்பிரிங்கைப் பத்தி எதுக்குப் பேசப் போறா? நான் எண்ணெய் போடச் சொன்னது எங்கூட்டுக்குள்ள. நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம். அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. இத்தனை வருசமா மேடையேறித் தப்பாப் பேசிட்டோமேன்னு.

அவ வெரலு வீங்கிக் கெடக்குதுன்னதும், "நான் என்ன பண்ணட்டுங்க சாமி?"ன்னு கீழ உளுந்துட்டேன்.

"கழட்டின கைதான் மாட்டோணும்!"னுது சாமி.

அவளும் இதே வார்த்தைதானுங்க சொன்னா! அச்சு அசலு! சாமிக்கும் அவளுக்கும் எப்படி ஒத்துப் போகுது பாருங்க!

"மாட்டிடறேன் சாமி. அந்தக் கியர்க்கையை மட்டும் குடுத்தீங்கன்னா, சைக்கிள்ல ஏறிப் போயி..."ன்னேன். சாமி ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, மரத்துல தொங்கின டியூப்பெல்லாம் ஆடுச்சு. "எனக்கே பெடலு இல்லாம ஒத்தைக் கால்ல மிதிச்சுக்கிட்டு இருக்கறேன், என்கிட்டயே கழட்டப் பாக்கறியா? உன் சைக்கிளைக் கொண்டாந்து உடுறா இங்க!"

அப்பறம் வெள்ளிங்கிரி தெளிஞ்சு சோடா குடிச்சுக்கிட்டே வெவரம் சொன்னான். சாமி சைக்கிளுக்கு எடது பெடலு கழண்டு உளுந்து ரொம்ப நாளாச்சாம். அவன் ஏறாத கடையில்ல. அப்பாஸ் பாய், கண்ணாடிக் கடை, தேவசகாயம், எல்லா எடத்துக்கும் எனக்கு முன்னாடியே போயிருக்கறான். நான் எங்கெங்கெல்லாம் அலைஞ்சேனோ அங்கெல்லாம் சாமியும் அலைஞ்சிருக்குது. கேட்டதும் எனக்கு சாமி மேல ஒரு பிரியமே வந்துருச்சுங்க. பழைய சைக்கிளுக்குச் சாமான் தேடறவன் கஷ்டம் தேடறவனுக்குத்தான் தெரியும்.

கொண்டு போயிக் குடுத்துட்டேன். ஆமாங்க, குடுத்துட்டேன். பொள்ளாச்சியில இருந்து தள்ளிக்கிட்டே போனேன். ஹால்ல அது நின்ன எடம் சொவத்துல கறையா இருக்குது. என் பெடலைக் கழட்டி சாமி சைக்கிளுக்கு மாட்டினாங்க, மரை கச்சிதமா ஏறுச்சு. சனங்க கொலவை போட்டாங்க. மிச்சத்தையெல்லாம் சாமிக்கு ஸ்பேர் சாமானா இருக்கட்டும்னு கோயில் உள்ளாற வெச்சாச்சு. ஒடைஞ்ச கியர்க்கையைக் கூட வாங்கி வெச்சுக்கிட்டான். அதுல இருந்த ஸ்பிரிங்கை மட்டும் உருவி, "இது சாமிக்கு ஆகாது மாமா, பொம்பளை சீதனம்"னு மஞ்சக் கயித்துல கோத்து என் மணிக்கட்டுல கட்டிட்டான். இந்தா, இதுதான். காப்புன்னு நெனச்சீங்களா? ஸ்பிரிங்குங்க.

அப்பத்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு. சைக்கிளே இல்லாம அதுமேல எப்படி ஏறி ஒக்காந்து போறது? அவ சொன்ன வார்த்தை என்னாகறது? வெள்ளிங்கிரி காலைப் புடிக்காத கொறையாக் கெஞ்சி இந்தச் சீட்டை மட்டும் வாங்கிட்டு வந்தேன். சாமிக்கு ஒண்ணு இருக்குது, ரெண்டு சீட்டு எதுக்குன்னு அவனும் குடுத்துட்டான். குடுக்கறப்ப முந்தானை இல்லாத கொறைக்குத் துண்டை வாயில வெச்சுக்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டான். சாமிப் பொருளு போகுதேன்னு அழுதிருப்பான் பாவம்.

இப்பச் சொல்லுங்க. அந்தச் சைக்கிளு மேல ஏறி ஒக்காந்து வரச் சொன்னா. ஒக்காந்திருக்கறேனா இல்லியா? செல்லுமுங்களா, செல்லாதுங்களா? நீங்க ஒரு பொதுவான ஆளு, நீங்களே சொல்லுங்க. என்ன, சிரிக்கறீங்க? செல்லும்ங்கறீங்களா?

இருங்க, போன் அடிக்குது. அவதான்! அலோ... ஆமா சாந்தா... பஸ்லதான்... வளைவெல்லாம் ஏறியாச்சு... இருக்குது, கையிலதான் இருக்குது... சாப்புட்டேன்... இல்ல, இட்லி... சரி. சரி.

வெச்சுட்டா. இன்னைக்கு வாறேன்னு நான் அவகிட்ட சொல்லவே இல்லீங்க! வெள்ளிங்கிரிகிட்ட மட்டும்தான் சொன்னேன். பேச்சோட பேச்சா, "கட்டினது கையில இருக்குதா?"ங்கறா. அவளுக்கும் சாமி வருது போலிருக்குது. பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கறாளாம். மாசக்கணக்குக்கு அப்பறம் அவளாக் கூப்புட்டா. சாப்புட்டீங்களான்னு கேட்டா. கேட்டீங்களா நீங்க?

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குக் கொழப்பமா இருக்குது. இந்தக் கயித்தை நானா அவுக்கக் கூடாதாம். அவதான் அவுக்கோணுமாம். அதுவும் எப்படி? நான் அவ முன்னாடி போயிக் கையை நீட்டிக்கிட்டு நிக்கோணுமாம், அவளா அவுக்கற வரைக்கும் வாயையே தொறக்கக் கூடாதாம். சாமி உத்தரவு. என்னத்துக்கு இப்படியெல்லாம் ஒரு மொறை வெச்சுதுன்னு ரோசிச்சு ரோசிச்சுப் பாக்கறேன், பிடிபட மாட்டேங்குது. வாயைத் தொறக்காம இருக்கறது ஒண்ணும் பெருசில்ல, நான் எச்சாப் பேசற ஆளா என்ன? கையை நீட்டறதுதானுங்க. இத்தனை வருசத்துல அவதான் என்கிட்ட நீட்டியிருக்கறா, காப்பி டம்ளரு, சோத்துத் தட்டு. நான் அவகிட்ட நீட்டினதா ஞாபகமே இல்ல. கூச்சமா இருக்குது.

ஊரு வந்துருச்சு போலிருக்குதே. அந்தா, மஞ்சச் சீலை, தூணுக்குப் பக்கத்துல, அவதான். கட்டைவெரல்ல துணி சுத்தியிருக்கறா பாருங்க. இந்தச் சீட்டைச் சித்த நீங்க புடிச்சுக்கறீங்களா? வேண்டாம், வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க. இதைக் கையில வெச்சுக்கிட்டு எப்படி நான் கையை நீட்டறது?

ஒரு நிமிசம் இருங்க, எறங்கறதுக்கு முன்னாடி ஒருக்காப் பாத்துச் சொல்லிருங்க. இப்படி நீட்டினாப் போதுமுங்களா? இல்ல, இன்னும் கொஞ்சம் தாழ்த்தோணுங்களா?